வர்ஜீனியாவில் நிலம் வாங்கிய தம்பிக்கு: உரிமக் கட்டண விலக்கு குறித்து

தம்பி, நியூ ஜெர்சியில் வேலை பார்க்கும் நீங்கள், நண்பர்கள் மூவருடன் சேர்ந்து வர்ஜீனியாவின் ஷெனாண்டோ பள்ளத்தாக்கில் நிலம் வாங்கியிருப்பதாகவும், வெளிமாநிலத்தவராக இருந்தாலும் நில உரிமையாளருக்கு அங்கே வேட்டை உரிமமும் மீன்பிடி உரிமமும் தேவையில்லை என்று சொல்கிறார்களே, அது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எந்தத் துப்பாக்கி வாங்கலாம், ஏக்கர் என்ன விலை போகிறது என்பதையெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். எச்-1பி விசாவில் இருப்பதைப் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்களே, என்னை எழுத உட்காரவைத்தது அதுதான்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மையே. வர்ஜீனியாவில் நில உரிமையாளரும், அவருடைய துணைவர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரும், எந்த மாநிலத்தில் குடியிருந்தாலும், சொந்த நில எல்லைக்குள்ளும் அதனுள் அடங்கிய நீர்நிலைகளிலும் உரிமம் இல்லாமல் வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம். எல்லா மாநிலங்களும் இப்படித் தாராளமாக நடந்துகொள்வதில்லை. ஒஹாயோவும் இண்டியானாவும், உங்கள் மாநிலம் தங்கள் ஆட்களுக்கு அதே சலுகையைத் தந்தால்தான் உங்களுக்குத் தரும். டெக்சாஸிலோ சொந்தப் பண்ணையில் மான் சுடுவதற்கும் உரிமம் வேண்டும். வெளிமாநிலத்தவருக்கு அதன் கட்டணம் 315 டாலர்.

இனி, உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் அஞ்சும் செய்திக்கு வருகிறேன். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே கூட்டரசுச் சட்டப்படி, அதாவது அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி, குற்றம். அதற்குள்ள சில விதிவிலக்குகளில் நம்மைப் போன்றவர்களுக்குக் கைகொடுப்பது ஒன்றுதான்: அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம் உங்களிடம் இருக்க வேண்டும். மாநிலம் உரிமம் வேண்டாம் என்கிறதே என்று நீங்கள் அதை வாங்காமல் விட்டால், கூட்டரசு கேட்கும் அந்த ஒரே காகிதமும் உங்களிடம் இல்லாமல் போய்விடுகிறது. நூற்றுச் சொச்சம் டாலரை மிச்சம் பிடிக்கப்போய், 15 ஆண்டு வரை சிறைக்கும் அதன்பின் நாடுகடத்தலுக்கும் வழி திறந்துவிடுவீர்கள். நண்பரின் துப்பாக்கியை இரவல் வாங்கினாலும் இதே கதைதான். சட்டம் பார்ப்பது அது யார் கையில் இருக்கிறது என்பதை. ஆகவே, வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துவிட்டு, வெளிமாநிலத்தவருக்கான உரிமத்தைப் பணம் கட்டியே வாங்குங்கள். கிரீன் கார்டு வந்தபின் இந்தத் தடை உங்களைக் கட்டாது. வில்லும் அம்பும் துப்பாக்கிக் கணக்கில் வராது. தூண்டிலுக்கும் விசாவுக்கும் சம்பந்தமில்லை.

நான் வந்து இறங்கிய தொண்ணூறுகளின் இறுதியில், ஒரே அடுக்ககத்தில் ஐந்து பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த காலத்தில், எங்களுக்கு முன்னே வந்த அண்ணன் ஒருவர் எதைக் கேட்டாலும் "ஒன்றும் ஆகாது" என்பார். ஊரில் கண்மாய் மீன்பாசிக் குத்தகையை மட்டுமே அறிந்திருந்த எங்கள் அறைத் தோழர்கள் அதை வேதவாக்காகக் கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்கு வந்த வனவிலங்குத் துறைக் காவலர், ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொல்லி, மீன்களை ஒவ்வொன்றாக அளவுப் பலகையில் வாலை நீவி வைத்து அளந்து, குரலை உயர்த்தாமலேயே மூன்று பேருக்கு அபராதச் சீட்டு எழுதினார். பதினோரு டாலர் சட்டையைத் திருப்பிக் கொடுக்க ரசீதைப் பத்திரப்படுத்துகிற நம்மவர்கள், சட்டத்தை மட்டும் ஏன் வாய்வார்த்தையாகவே கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இன்னொரு வகையினர், நிலவரி கட்டுகிறேன், என் நிலத்து மானுக்கு நான் ஏன் பணம் தர வேண்டும் என்று வாதிடுவார்கள். இந்த நாட்டில் காட்டு விலங்கு பொதுச்சொத்து. நிலத்தோடு சேர்த்து அது விற்கப்படுவதில்லை. 1976இல் மாண்டானா மாநிலம் எல்க் என்னும் பெரிய மானின் வேட்டைக்கு உள்ளூர்க்காரரிடம் 9 டாலரும், பிற விலங்குகளுக்கும் சேர்த்த கூட்டு உரிமம் என்ற பெயரில் வெளியூர்க்காரரிடம் 225 டாலரும் வாங்கியதை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள், 1978இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். அதைவிட மோசமானவர்கள், நிலம் இருக்கிறது என்பதற்காகத் தங்களை அந்த மாநிலவாசி என்று எழுதிக் கொடுத்து மலிவு உரிமம் வாங்குகிறவர்கள். மேரிலாந்தில் வாழும் எனக்கு வர்ஜீனியாவில் நிலமும் விலக்கும் இருக்கின்றன. ஆயினும் ஆண்டுதோறும் உரிமம் வாங்குகிறேன். 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி, துப்பாக்கி, தோட்டா வரியிலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புக்கென மாநிலத்துக்கு வரும் பங்கு உரிமதாரர்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. பக்கத்துப் பண்ணைக்காரர்தான் எனக்கு மானைத் தோலுரிக்கக் கற்றுக்கொடுத்தார். இப்போது அவர் வீட்டில் நான் வைக்கும் மிளகுக் கறிக்காக நவம்பரை எதிர்பார்த்திருக்கிறார்கள்.

விலக்கு இருந்தாலும் பருவமும் எண்ணிக்கை வரம்பும் உங்களுக்கும் உண்டு. சுட்ட மானைப் பதிவு செய்தாக வேண்டும். வாத்து என்றால், வாத்து வேட்டைக்கான 25 டாலர் கூட்டரசு அனுமதி முத்திரை நில உரிமையாளருக்கும் கட்டாயம். எல்லைக்கு வெளியே போய் நின்று ஆற்றில் தூண்டில் போட்டால் உரிமம் வேண்டும்; விருந்தாளிகள் வேட்டையாட உங்கள் நிலத்திலும் வேண்டும்.

கடைசியாக, பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நால்வர் பெயரும் இருந்தால் நால்வருமே உரிமையாளர்கள். கார்ப்பரேஷன் என்னும் பங்கு நிறுவனம் தொடங்கி அதன் பெயரில் வாங்கியிருந்தால், பாதிப் பங்குக்குக் குறையாமல் வைத்திருப்பவருக்கே விலக்கு. ஆளுக்குக் கால் பங்கு என்றால் உங்களில் ஒருவருக்கும் அது கிடையாது.