தானாக நகரும் திரை: வன்னியில் செயலி செய்கிறவர்களுக்குப் பதில்கள்

கிளிநொச்சியிலிருந்து: அண்ணா, தேவாரச் செயலி ஒன்று செய்கிறேன். தாளம் போடுகிறவருக்குக் கை ஒழியாது, அதனால் பாட்டு தானாக மேலே போகவேண்டும். 16 மில்லிசெக்கனுக்கு ஒரு பிக்சல் என்று டைமர் வைத்தேன். திக்கித் திக்கிப் போகிறது.

டைமரை விடுங்கள் தம்பி. 60 ஹேர்ட்ஸ் திரை செக்கனுக்கு 60 தரம் வரையும். ஒரு தரம் வரைவதுதான் ஒரு ஃபிரேம், அதற்கு 16.67 மில்லிசெக்கன். உங்கள் டைமர் அதோடு சேர்ந்து ஓடுவதில்லை. சிலவேளை ஒரே ஃபிரேமுக்குள் இரண்டு தரம் அடித்துவிடும், எழுத்து இரண்டு பிக்சல் பாயும். பிந்தினால் ஒரு ஃபிரேம் அசையாமல் நிற்கும். அதுதான் திக்கல். எப்போது வரையப்போகிறாய் என்று திரையிடமே கேளுங்கள்: வெப்பில் ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம், ஆண்ட்ராய்டில் கோரியோகிராஃபர், ஃபிளட்டர் என்ற செயலி செய்யும் கருவித்தொகுப்பில் டிக்கர். பிறகு, போன ஃபிரேமிலிருந்து எவ்வளவு நேரம் போனது என்று பார்த்து, அதை வேகத்தால் பெருக்குங்கள். செக்கனுக்கு 30 பிக்சல் என்றால் ஒரு ஃபிரேமுக்கு அரைப் பிக்சல் வரும். அந்த அரையை முழு எண்ணாக வெட்டினால் பூச்சியம், பாட்டு அசையவே அசையாது. தசமத்தோடு ஒரு மாறியில் கூட்டிக்கொண்டே வாருங்கள்.

மாங்குளத்திலிருந்து: என் போனில் சரி. தங்கச்சியின் 120 ஹேர்ட்ஸ் போனில் இரட்டை வேகம்!

ஃபிரேமை எண்ணி நகர்த்துகிறீர்கள். மேலே சொன்ன பெருக்கலைப் போடுங்கள், தீர்ந்துவிடும்.

முல்லைத்தீவிலிருந்து: கோவலன் கூத்துப் பழகுகிறவர்களுக்குப் பாட்டுப் பிரதியைப் போனில் போட்டேன். அண்ணாவியார் நிறுத்தித் திருப்பிப் பாடச் சொன்னால் திரை நிற்பதில்லை. விரலால் இழுத்தாலும் எதிர்த்து இழுக்கிறது.

இதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. நான் செய்த முதல் செயலியை ஒரு பெரியவரிடம் கொடுத்தபோது, பாடுகிற வரியில் பெருவிரலை அழுத்தி வைத்துக்கொண்டார், கடதாசியில் வைப்பது போல. வரியோ விரலுக்கடியால் நழுவிப் போனது. அவர் போனைத் திருப்பித் தந்துவிட்டார். அன்றிலிருந்து நான் முதலில் எழுதுவது நிறுத்துகிற பகுதியைத்தான். விரல் பட்ட அந்தக் கணமே நிற்கவேண்டும். விரல் எடுத்ததும் தானாகத் தொடங்கவும் கூடாது, பாடுகிறவர் ஒருமுறை தட்டித் தொடங்கட்டும். தொடங்கும்போது திரை இப்போது நிற்கிற இடத்தை உங்கள் மாறிக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பழைய இடத்துக்கே பாயும். வேகத்தைக் கூட்ட, குறைக்க இரண்டு பெரிய பொத்தான்கள் வையுங்கள். பாட்டின் நடுவே திரை அணையாமல் இருக்கவும் சொல்லிவையுங்கள்.

வவுனியாவிலிருந்து: ஆண்ட்ராய்டில் நீண்ட பட்டியல் காட்டும் ரிசைக்கிளர்வியூவில் ஸ்மூத் ஸ்க்ரோல் போட்டால் பஸ் நேரப் பட்டியல் பறக்கிறது. படம் வந்ததும் துள்ளவும் செய்கிறது.

அந்த நகர்த்தலைச் செய்கிற லீனியர் ஸ்மூத் ஸ்க்ரோலர் ஓர் அங்குலத்தை 25 மில்லிசெக்கனில் கடக்கும்படிதான் வருகிறது. ஒரு பிக்சலுக்கு எவ்வளவு நேரம் என்று கணக்கிடும் அதன் செயற்கூறை மாற்றி எழுதுங்கள். அது தருவது நேரம், ஆகவே எண் பெருத்தால் வேகம் குறையும். துள்ளலுக்கு, படம் வருமுன்பே அதன் உயரத்தை ஒதுக்கி வையுங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து: ஃபிளட்டரில் எல்லாம் சரியாகச் செய்தும் இழுபடுகிறதே?

பிழை தேடும் டீபக் முறையில் ஓட்டிப் பார்த்தீர்களா? அது எப்போதும் மெதுவாகத்தான் ஓடும். வேகத்தை அளக்கும் புரொஃபைல் முறையில் உண்மையான போனில் ஓட்டுங்கள். அதிலும் இழுபட்டால் நிரலை அனுப்புங்கள், பார்க்கிறேன்.