ஆல்பர்ட்டாவில் டைனோசர் நடை: ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

ஜூலையில் கனடாவின் கால்கரியில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறோம். என் மகனுக்கு ஒன்பது வயது, டைனோசர் பைத்தியம். டிரம்ஹெல்லர் அருங்காட்சியகம் போதாதா, டைனோசர் மாகாணப் பூங்காவில் காசு கொடுத்து வழிகாட்டியோடு வெயிலில் நடக்க வேண்டுமா என்கிறார் கணவர். நாங்களே சுற்றிப் பார்க்க முடியாதா?

சுதா

அன்புள்ள சுதா,

முழு எலும்புக்கூடு பார்க்க டிரம்ஹெல்லரின் ராயல் டிரெல் அருங்காட்சியகம்தான் சரி. அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அங்கே இருப்பதெல்லாம் சுத்தம் செய்து, பொருத்தி, நிறுத்தி வைத்தவை. பூங்காவில் எலும்பு மண்ணிலிருந்து பாதி வெளியே வந்த நிலையிலேயே கிடக்கும்.

நீங்களே சுற்றலாம், ஓரளவுக்கு. பொதுப் பகுதியில் சின்னச் சின்ன நடைபாதைகள் உண்டு. உள்ளே பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட இடம். வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். சென்ட்ரோசாரஸ் என்ற கொம்பு டைனோசர்கள் கூட்டமாக மடிந்த எலும்புப் படுகை அங்கேதான். வெள்ளத்தில் சிக்கிய மந்தை என்பது ஆய்வாளர்கள் கருத்து.

வழிகாட்டி வேண்டும் என்பதற்கு எனக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தனியாகப் போனால் கண்ணில் எதுவும் படாது. பேட்லாண்ட்ஸ் எனப்படும் அந்த அரித்துப்போன வறண்ட நிலம் முழுக்க இரும்புக்கல் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன, எலும்பும் அதே பழுப்பு நிறம். உடைந்த முனையில் நுண்துளைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வழிகாட்டி சொல்லித் தருவார். எலும்பை நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்றும் சொல்வார். உங்கள் மகனைப் பிடித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் பையன் உங்களுக்கே காட்ட ஆரம்பித்துவிடுவான்.

சுமார் ஏழரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் ஒரு உள்நாட்டுக் கடலை ஒட்டிய பசுமையான சமவெளி. ஆறுகள் கொண்டுவந்த மணலும் சேறும் பிணங்களை மூடின. பனியுகத்தின் முடிவில் உருகிய நீர் பள்ளத்தாக்கை அறுத்தது. இன்றும் ஒவ்வொரு மழையும் கொஞ்சம் மண்ணைக் கரைத்துப் புது எலும்பை வெளியே காட்டுகிறது.

எடுத்து வர மட்டும் முடியாது. சட்டப்படி குற்றம். கையில் எடுத்துப் பார்த்தாலும் அதே இடத்தில் வைக்கச் சொல்வார்கள்; எந்த அடுக்கில் கிடந்தது என்பதுதான் ஆய்வாளருக்கு முக்கியம். மகனிடம் காரிலேயே பேசி வையுங்கள்.

அப்புறம், நிழல் கிடையாது. தொப்பியும் நிறையத் தண்ணீரும் கட்டாயம். மழை பெய்தால் பென்டோனைட் களிமண் எண்ணெய் தடவிய பலகை மாதிரி வழுக்கும், நல்ல ஷூ போடுங்கள். சில நடைகளுக்கு வயது வரம்பு இருக்கிறது, முன்பதிவு செய்யும்போதே பாருங்கள். பூங்காவுக்கும் டிரம்ஹெல்லருக்கும் இடையே காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒரே நாளில் இரண்டையும் அடைக்க வேண்டாம் என்று கணவரிடம் சொல்லுங்கள்.