மூன்று வாடகை வீடுகளை மொத்தமாக வாங்கலாமா?

மூன்று வீடும் சேர்ந்து ஆண்டுக்கு 9 சதவீதம் தருகிறது என்று விற்பவர் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அது செலவு கழிக்காத கணக்கு.

விலையை 100 என்று வைத்துக்கொள்வோம்; ஆண்டு வாடகை 9. ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலே 0.75 போச்சு. சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு என்று 2.25 ஒதுக்கினால் கையில் நிற்பது 6. இதில் கடன் தவணை இன்னும் வரவில்லை. ஆண்டுத் தவணை 4.8 என்றால், கையில் நிற்பது தவணையைப் போல 1.25 மடங்கு; அந்த அளவு பாதுகாப்பு உண்டு. 5.5 என்றால், ஒரே ஒரு வீடு கூடுதலாக இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தாலே மிச்சம் பூஜ்யம்.

இதே கணக்கை வீட்டுக்கு வீடு தனியாகப் போடுங்கள். நல்ல இரண்டின் நிழலில் ஒரு நோஞ்சான் ஒளிந்திருக்கலாம் (மொத்தமாகத் தள்ளிவிடப் பார்ப்பதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்).

வாடகைப் பட்டியலை 12 மாத வங்கி வரவோடு ஒப்பிடுங்கள். குடியிருப்பவர்கள் கொடுத்த முன்பணம் யார் கையில் என்று கேளுங்கள். அதை விலையில் கழிக்காவிட்டால், குடியிருப்பவர் காலி செய்யும்போது உங்கள் பையிலிருந்துதான் போகும். மேல்மாடிக் கூரையின் அடியில் ஒரு மூலையில் மட்டும் புதுப் பெயின்ட் தெரிந்தால், ஒரு நல்ல மழைக்குப் பிறகு மறுபடி போய்ப் பாருங்கள்.