பிரதமர் சொல்வதில் கையெழுத்துப் போடத்தான் குடியரசுத் தலைவரா?

அதுதான் வேலை என்றால் அந்தப் பதவி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எட்டு வருடம் ஒரு பயிற்சி மையத்தில் இந்தப் பாடத்தை நடத்தியவன் நான். முதல் ஐந்து வருடம் ‘ரப்பர் ஸ்டாம்ப்’ என்றுதான் நானும் சொல்லிக்கொடுத்தேன். அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

ஒருநாள் அரசியலமைப்புச் சட்டத்தின் 74-வது பிரிவு நடந்துகொண்டிருந்தது. அமைச்சரவையின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவர் நடக்க வேண்டும், 1976-ல் 42-வது திருத்தம் அதைக் கட்டாயமாக்கியது, ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம் என்று 1978-ல் 44-வது திருத்தம் சேர்த்தது. வழக்கமான பாடம். ஒரு மாணவி எழுந்து, “சார், 1975 நெருக்கடி நிலைக்கு அமைச்சரவை எப்போது ஆலோசனை சொன்னது?” என்று கேட்டார். “பிரதமர் கேட்டார், குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டார்” என்றேன். “பிரதமரும் அமைச்சரவையும் ஒன்றா சார்?”

எனக்குப் பதில் வரவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். ஜூன் 25 இரவு இந்திரா காந்தி எழுதிய கடிதத்தின் பேரில் அப்போதைய குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டுவிட்டார். அமைச்சரவை கூடியது மறுநாள் காலையில்தான். அதற்குப் பிறகுதான் 352-வது பிரிவில், அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால்தான் நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்யலாம் என்று எழுதினார்கள். அதே 44-வது திருத்தம்தான். அத்தனை வருடம் அதன் எண்ணையும் ஆண்டையும் மட்டுமே மாணவர்களிடம் ஒப்பித்திருக்கிறேன்.

குடியரசுத் தலைவரே ஆள வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எந்தக் கட்சிக்காகவும் பேசவில்லை. மக்களவையில் பெரும்பான்மை இருக்கும்வரை ஆட்சி பிரதமருடையது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் குடியரசுத் தலைவர் கட்டுப்பட்டிருப்பது அமைச்சரவைக்கு, பிரதமர் என்ற ஒரு தனி ஆளுக்கு அல்ல. ‘கூடிப் பேசித்தான் முடிவெடுத்தீர்களா, இன்னொருமுறை யோசிக்கிறீர்களா’ என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். 1997-ல் உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கும் பரிந்துரையை கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார், குஜ்ரால் அரசு அதைக் கைவிட்டது. ஆதாயம் தரும் சில அரசுப் பதவிகளில் இருந்தாலும் எம்.பி.க்கள் தகுதியிழக்க மாட்டார்கள் என்ற ஆதாயப் பதவி மசோதாவை 2006-ல் அப்துல் கலாம் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மீண்டும் நிறைவேற்றியது, அவரும் ஒப்புதல் தந்தார். இரண்டுமே முறைப்படி நடந்தவைதான். அப்புறம், யாருக்கும் பெரும்பான்மை வராதபோது ஆட்சி அமைக்க யாரை அழைப்பது என்பதில் அவர் பழைய அமைச்சரவையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை, தானே முடிவெடுக்கலாம். 1996-ல் சங்கர் தயாள் சர்மா வாஜ்பாயை அழைத்தது அப்படித்தான்.

இதை முழுதாக நடத்த எனக்கு இரண்டு வகுப்புகள் ஆகும். மையத்தை நடத்தியவர், “இதில் ஒரு மார்க் கேள்விதான் வரும், எதற்கு இவ்வளவு நேரம்?” என்றார். மூன்றாவது முறை சொன்னபோது வேலையை விட்டேன். கடைசி இரண்டு மாதச் சம்பளம் இன்றுவரை வரவில்லை. கேட்டால், எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா என்கிறார்கள்.