எஃப்.ஐ.ஆர். யார் மேல்?

அன்புள்ள ஐயா,

சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். சிவில் உரிமை, போலீஸ் அத்துமீறல் வழக்குகள் என்று இறங்க ஆசை. “கோஷம் போடுற வேலை, சோறு போடாது, ஒன்றும் மாறவும் மாறாது” என்கிறார் அப்பா. நீங்கள் அடிக்கடி குறிப்பிடும் ஆந்திர மனித உரிமைப் போராளி பாலகோபால் அப்படி எதைத்தான் மாற்றினார்?

ஒரு மாணவி, திருநெல்வேலி

அன்புள்ள மாணவிக்கு,

சோறு விஷயத்தில் அப்பா சொல்வது பாதி சரி. பாலகோபால் வாரங்கல் காகதீயா பல்கலைக்கழகத்தில் கணிதம் நடத்தியவர். 1985-ல் அந்த வேலையை விட்டார். வக்கீலானது பல வருடம் கழித்துத்தான். அவருக்கு மூத்தவரான கே.ஜி. கண்ணபிரான் ஹைதராபாத்தில் வக்கீல் தொழிலை விடாமலே ஆந்திர சிவில் உரிமைக் குழுவுக்கும், பிறகு பியூசிஎல் என்ற அகில இந்திய சிவில் உரிமை அமைப்புக்கும் தலைவராக இருந்தார். நீங்கள் கண்ணபிரான் வழியில் போங்கள். வாடகையாவது வரும்.

ஆனால் கோஷம் என்பது சரியில்லை. ஆந்திரத்தில் நக்சலைட் என்று ஒருவரைச் சுட்டுக் கொன்றதும் போலீஸ் ஒரு எஃப்.ஐ.ஆர். போடும். யார் மேல்? செத்தவர் மேல். போலீஸைக் கொல்ல முயன்றார், அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 307. குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டார் என்று ஃபைலையும் மூடிவிடுவார்கள். சுட்டவர் எந்த நீதிபதி முன்னாலும் நிற்க வேண்டாம். இந்த ஒரு காகிதத்துக்காகத்தான் அத்தனை வருடச் சண்டை. சுட்டவர் மேல் கொலை வழக்குப் போடு, தற்காப்பு என்பதைக் கோர்ட்டில் வந்து சொல்லட்டும். கேட்டது அவ்வளவுதான்.

1977-ல் முன்னாள் நீதிபதி தார்க்குண்டே தலைமையிலான குழுவில் உறுப்பினராக இருந்து என்கவுன்டர்களை விசாரித்தவர் கண்ணபிரான். ஆந்திரக் குழுவின் புகாரை ஒட்டித்தான் 1997-ல் தேசிய மனித உரிமை ஆணையம் எல்லா முதல்வர்களுக்கும் வழிமுறை அனுப்பியது. 2009 பிப்ரவரியில் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் இந்தக் கோரிக்கையை ஏற்றார்கள். உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. அந்த அக்டோபரில் பாலகோபால் போய்விட்டார், 57 வயது. 2014-ல் பியூசிஎல் வழக்கில் உச்ச நீதிமன்றமே என்கவுன்டர் சாவுக்கு எஃப்.ஐ.ஆர். கட்டாயம், விசாரணை சிஐடியோ வேறு ஸ்டேஷனோ செய்யட்டும் என்றது. யார் பெயரில் எஃப்.ஐ.ஆர். என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லவில்லை!

அடுத்த ஏப்ரலிலேயே திருப்பதி பக்கத்துச் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுக் கூலிக்காரர்கள் 20 பேரை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது. முதல் வழக்கு மரம் வெட்டப் போனவர்கள் மேல்தான். உயர் நீதிமன்றம் கேட்ட பிறகே கொலைப் பிரிவு வந்தது. இதை மாற்றம் என்று சொல்வதா என்று அப்பா கேட்பார். கேட்க வேண்டிய இடத்தைக் காட்டிக் கொடுத்ததே இவர்கள்தான் என்பேன்.

இன்னொன்று, திட்டு இரண்டு பக்கமும் விழும். மாவோயிஸ்டுகள் செய்த கொலைகளையும் பாலகோபால் கண்டித்தார். அந்தக் கருத்து வேறுபாட்டில்தான் அவரும் சிலரும் தாங்கள் இருந்த ஆந்திர சிவில் உரிமைக் குழுவை விட்டு வந்து, 1998-ல் மனித உரிமை மன்றம் தொடங்கினார்கள்.

சரி, இப்போதைக்கு ஒரு கிரிமினல் வக்கீலிடம் போய்ச் சேருங்கள். திருட்டு, அடிதடி என்று எந்த வழக்கானாலும் பாருங்கள். போஸ்ட்மார்ட்டம் அறிக்கை படிக்கப் பழகுங்கள். குண்டுக் காயத்தைச் சுற்றித் தோல் கருகியிருந்தால் கிட்டே வைத்துச் சுட்டது. தூரத்துச் சண்டை என்ற கதை அங்கே நிற்காது. ரிமாண்டுக்குக் கொண்டு வரும்போது, உடம்பில் காயம் உண்டா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்கிறாரா என்றும் கவனியுங்கள். கேட்காவிட்டால் எழுந்து நின்று சொல்லும்படி உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள்.

அன்புடன்.