லைட் அடிச்சே நுரையீரலப் பாக்கலாமா?

கேள்வி: குறைமாசத்துல பொறந்த என் பேத்திய தர்மபுரில ஐசியூல வெச்சிருக்காங்க, மூச்சுத்திணறல்னு அடிக்கடி எக்ஸ்ரே எடுக்கறாங்க. லைட் அடிச்சே நுரையீரலப் பாக்கலாம்னு பையன் சொல்றான், நெஜமாங்க? – ஒரு பாட்டி, காவேரிப்பட்டணம்

பதில்: பாதி நெஜம்மா. டார்ச்ச உள்ளங்கையில ஒட்ட வெச்சா மறுபக்கம் செவப்பா தெரியுதுல்ல, செவப்பும் அகச்சிவப்பும் சதைக்குள்ள கொஞ்ச தூரம் போகும், அதான் அடிப்படை. ஸ்வீடன்ல லுண்ட் யுனிவர்சிட்டிக்காரங்க கொண்டாந்த முறை இது, நெஞ்சு மேல 760 நானோமீட்டருக்குப் பக்கத்துல அலைநீளம் (ஒளியோட நெறத்தச் சொல்ற அளவு) இருக்கற லேசர வெச்சா உள்ள இருக்கற ஆக்சிஜன் வாயு மட்டும் ஊசி மாதிரி மெல்லிசான ஒரு அலைநீளத்துல ஒளிய உறிஞ்சும், சதையும் ரத்தமும் அப்படி உறிஞ்சாது, அத வெச்சு உள்ள காத்து இருக்கா இல்லையான்னு சொல்லிடலாம். எக்ஸ்ரே மாதிரி படம்லாம் வராது. ஆனா அந்தக் கதிர்வீச்சு இல்லாததால தொடர்ந்து பாக்கலாம், அதான் பெரிய விஷயம். பச்சக்கொழந்தைக்கு நெஞ்சு மெல்லிசு, அதனால சரி, நமக்கெல்லாம் ஒளி அவ்ளோ ஆழம் போய்த் திரும்பறது கஷ்டம்.

இது இன்னும் ஆராய்ச்சிலதான் இருக்கு, அதனால டாக்டர் எக்ஸ்ரே கேட்டா தடுக்காதீங்க, ஒரு தடவ எடுக்கற டோஸ் ரொம்பக் கம்மி. பாப்பா கால்ல செவப்பா மினுக்குமே ஒரு பட்டி, அதுவும் லைட்தான், ஆனா அது ரத்தத்துல இருக்கற ஆக்சிஜனத்தான் சொல்லும், நுரையீரல இல்ல.