அருங்காட்சியகக் கண்காட்சிக்கான கேட்லாக்கை, பார்வையாளர்களும் பங்கெடுக்கும்படி எப்படித் தயாரிக்கலாம்?

நான் கோத்தகிரிக்காரி. எங்கள் மலையை வைத்தே சொல்கிறேன்.

1868இல் நீலகிரியின் முதல் கமிஷனராக வந்த பிரீக்ஸ், இங்குள்ள பழைய ஈமக் கல்வட்டங்களைத் தோண்டிப் பார்த்தார். மூடியில் எருமை உருவம் வைத்த சுடுமண் தாழிகள் கிடைத்தன. அவர் சேர்த்தவற்றில் ஒரு பகுதி இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில், இன்னொரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில். மஞ்சூர்ப் பக்கம் தேயிலை பறிக்கும் ஒரு பெண்ணுக்கு எழும்பூரே எட்டாத தூரம். அவருக்குக் கேட்லாக்தான் கண்காட்சி. அதனால் அச்சான பிறகு கருத்துக் கேட்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. அச்சுக்குப் போகும் முன்பே மக்கள் உள்ளே வரவேண்டும்.

படங்களை மட்டும் பெரிதாக அச்சிட்டு, எழுத்தே இல்லாமல் இந்த மலை மக்களின் ஊர்களுக்கு, அதாவது தோடர் மந்துகளுக்கும் கோத்தர் கோக்கால்களுக்கும் படுகர் ஹட்டிகளுக்கும் எடுத்துப் போங்கள். தோடர் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளியில் நூலை எண்ணி எண்ணிப் பூ வேலை செய்யும் பெண்ணுக்கு ஒவ்வொரு பூவின் பெயரும் தெரியும். கேட்லாக்கிலோ "பருத்தித் துணி, சிவப்பு கருப்பு நூல்" என்பதோடு முடிந்துவிடுகிறது. கோத்தர் பானையும் அப்படித்தான். அதை வனைவது பெண்கள். களிமண் எப்படியிருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்வதைத்தான் விளக்கமாகப் போடவேண்டும், சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரோடு.

பழைய புகைப்படங்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. "தோடர் பெண்", "குறும்பர் ஆண்" என்றுதான் எழுதியிருக்கும். அவர்களுக்கும் பெயர் இருந்தது. ஊரில் காட்டினால் யாராவது ஒரு பாட்டி அடையாளம் சொல்லக்கூடும். சொல்ல முடியாவிட்டால் "பெயர் பதிவு செய்யப்படவில்லை" என்றாவது அச்சிடுங்கள். வழிபாட்டுப் பொருள் எதையாவது காட்டவேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னால், படத்தை எடுத்துவிட்டு அந்தப் பக்கத்தில் காரணத்தை மட்டும் எழுதுங்கள்.

பார்வையாளர்களுக்கு வருகிறேன். வாசலில் வைக்கும் கருத்துப் பதிவேட்டில் "மிக நன்று" தவிர வேறென்ன வரும்? கேட்லாக்கின் வரைவுப் பிரதியையே காட்சிப் பொருளுக்குப் பக்கத்தில் வையுங்கள். "இது உங்கள் வீட்டில் இருந்ததா? எதற்குப் பயன்பட்டது?" என்று ஒரே ஒரு கேள்வி போதும், பக்கத்தில் பென்சிலும் வெற்றிடமும். எழுத வராதவர் சொல்வதை ஊழியர் குறித்துக்கொள்ளட்டும். வந்த பதில்களைச் சரிபார்த்து அடுத்த பதிப்பில் சேருங்கள்.

எழுத்து பெரிதாக இருக்கட்டும். பார்வையற்றோருக்குத் தாழியின் வடிவத்தைப் புடைப்பாக அச்சிட்டு, பிரெய்லில் விளக்கம் தரலாம். தோட, கோத்த, படுக மொழிகளைப் பேசுபவர்கள் பலருக்கும் எழுதப் படிக்கத் தமிழ்தான். ஆகவே அவரவர் மொழியில் ஒலிப்பதிவும் தேவை. கியூஆர் கோடு மட்டும் போதாது, பல ஊர்களில் சிக்னல் கிடைக்காது. கோத்தகிரியில் பழங்குடி மொழிகளிலும் நிகழ்ச்சி தரும் சமூக வானொலி இருக்கிறது. அதில் ஒலிபரப்பச் சொல்லிக் கேளுங்கள்.

தகவல் சொன்னவர்களுக்குரிய கூலியையும், ஒவ்வொரு ஊருக்கும் தரவேண்டிய இலவசப் பிரதிகளையும் அச்சுச் செலவுக் கணக்கிலேயே முதலில் எழுதிவிடுங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்குப் பணம் மிஞ்சாது.